துப்பாக்கிக்கு ஒரு சிவப்பு மூக்கு

என் மனைவி வாங்கிய துப்பாக்கிக்கு முன்பக்கம் பிளந்திருந்தது. காற்றழுத்தத்தில் சுடும் போட்டித் துப்பாக்கி அது. உரிமம் தேவைப்படாத வகை. சென்னையில் ஒருவர் கண்பார்வை மங்கியதால் விற்றார். இரும்புப் பகுதிகளில் குறையில்லை. தோளில் பதிவது, கன்னம் சாய்வது, இடது கை தாங்குவது எல்லாம் ஒரே மரக்கட்டையில்தான். அதை ஸ்டாக் என்று சொல்கிறார்கள். வால்நட் மரம். அதன் முன்முனையில், எப்போதோ கீழே விழுந்ததில், விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

அவள் கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் திறந்தபோது, உடன் வேலை செய்யும் பெண்ணோடு வேடிக்கை பார்க்கப் போனாள். அந்தப் பெண் மறுவாரமே நின்றுவிட்டாள். இவள் நிற்கவில்லை. போன வருடம் மாவட்டப் போட்டியில், கூடத்தின் பொதுத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். நீளமான கை உள்ள ஆண்களுக்குச் செய்த துப்பாக்கி. மாநிலப் போட்டிக்குப் போவதற்கான புள்ளியை மயிரிழையில் தவறவிட்டாள்.

இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் பிரிவை ஆலையின் வேறு கிளைக்கு மாற்றப் போகிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு. போட்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதனால்தான் கையில் இருந்ததைப் போட்டு சொந்தமாக ஒன்றை வாங்கினாள்.

வெடிப்பைப் பசை விட்டு ஒட்டிவிடலாமே என்றேன்.

“ஒட்டலாம். ஆனா முன்னாடி கனம் பத்தல. தூக்கி நின்னா மூக்கு அலையுது. அத்த வெட்டிட்டு, கொஞ்சம் கனமான மரமா வச்சா நிக்கும்” என்றாள்.

புதுவாயல் கூட்டுரோட்டில், டயர் கடைக்குப் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. ஆலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும் மரப்பெட்டிகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து, கட்டிலும் அலமாரியும் செய்கிற இடம். பட்டறைக்காரர் எங்கள் வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவர். வார நாட்களில் பேசுகிறவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பாக்கிக் கட்டையை அவர் அதுவரை தொட்டதில்லை. அது அவரைத் தடுக்கவில்லை.

“பீரோ செஞ்சிகிறேன், கட்டில் செஞ்சிகிறேன், சர்ச்சுக்குப் பிரசங்க மேடை செஞ்சிகிறேன். இதுவும் மரந்தானேக்கா?”

“மரந்தான் மேஸ்திரி. ஆனா துளி தப்புனா, நீங்க செஞ்ச கட்டில் மாதிரி ஆடும்.”

“என் கட்டில் ஆடுதுன்னு எவன் சொன்னான்?”

“எங்க ஊட்டுல ஒண்ணு கீது. திரும்பிப் படுத்தா பேசுது.”

“பேசற கட்டிலுக்குன்னு தனியா காசு கேட்டனா? சும்மாதானே குடுத்தேன்” என்றார் அவர்.

பெட்டிகளின் பலகைகள் பெரும்பாலும் வெளிர் பைன் மரம். ஆனால் கனமான இயந்திரங்கள் உட்காரும் அடிக்கட்டைகள் வேறு. எந்தக் காட்டில் எந்த மரம் கிடைத்ததோ அதை அறுத்து அடியில் கொடுத்திருப்பார்கள். அவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது. மேஸ்திரி அவற்றைத் தனியே, தகரக் கொட்டகைக்குள், ‘ஃபாரின் கட்டை’ என்று அடுக்கி வைத்திருந்தார். ஆணி இறங்காது, ரம்பம் மழுங்கும் என்பதால் கட்டிலுக்கு உதவாதவை.

முதலில் ஒரு கருப்புக் கட்டையை எடுத்து நீட்டினார். “கருங்காலி. சுத்தமான கருங்காலி. ராஜா ஊட்டுல கதவுக்குப் போடறது.”

அவள் தின்னரில் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்தாள். துணி கருப்பானது, மரம் சாம்பல் நிறத்துக்கு வந்தது. இயந்திரத்திலிருந்து வடிந்த எண்ணெயில் ஊறிய கட்டை.

“கருங்காலி இல்ல மேஸ்திரி. கிரீஸ்காலி.”

மேஸ்திரி துணியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், அதைத் தூக்கிக் குவியலுக்குப் பின்னால் போட்டார். அதன்பிறகு அவர் எந்தக் கட்டைக்கும் பெயர் சொல்லவில்லை.

அவள் தேர்ந்தெடுத்த முறையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிடித்த நிறங்களைப் பொறுக்கவில்லை. ஆறேழு கட்டைகளிலிருந்து ஒரே அளவில் துண்டுகள் அறுக்கச் சொன்னாள். வீட்டிலிருந்து கொண்டுபோன சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் வைத்தாள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு துண்டுகளில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு கனத்தது. பிறகு ஆலையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் துண்டுகளின் குறுக்குவெட்டைப் பார்த்தாள். நூல்போல வெடிப்பு இருந்தவற்றை ஒதுக்கினாள். நகத்தால் அழுத்தினாள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள்.

மிஞ்சியவை மூன்று. ஒன்று மஞ்சளும் பழுப்புமானது. அறுக்கும்போது மிளகு வாசம் அடித்தது. ஒன்று சாக்லேட் நிறம். இன்னொன்று சிவப்பு. ஒவ்வொன்றையும் துப்பாக்கியின் முன்முனைக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பட்டறை வாசலில் நின்று குறிபார்த்தாள். எதிரே டயர் கடைப் பலகையில் சக்கரப் படத்தின் நடுப்புள்ளிதான் குறி. துப்பாக்கியில் காற்றும் இல்லை, குண்டும் இல்லை. அது டயர் கடைக்காரருக்குத் தெரியாது. பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து இரண்டு கையையும் தூக்கினார்.

“யம்மா, போன வாரம் உன் ஸ்கூட்டருக்குப் போட்ட ஒட்டு நல்லாத்தானே கீது?”

“நல்லா கீதுண்ணே. நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க, புள்ளி மறைக்குது.”

மஞ்சள் துண்டு அதிகக் கனம். கொஞ்ச நேரத்திலேயே முனை இறங்கியது. சாக்லேட் நிறத்தில் மாற்றமே தெரியவில்லை. சிவப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூச்சை விட்டாள், எடுத்தாள், பாதி விட்டு நிறுத்தினாள். பிறகு துப்பாக்கியை இறக்கி, “நிக்குது” என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு மரம் முடிவானது.

பொருத்துவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வெடிப்புள்ள முனையை மேஸ்திரி சாய்வாக அறுத்தார். நேராக அறுத்தால் ஒட்டு பார்வைக்கு வெட்டுக்காயம்போல இருக்கும். சாய்த்தால் பசை பிடிக்க இடமும் கூடும். அதில் அவர் கை தவறவில்லை. ஆனால் இரண்டு முகங்களும் முழுதாக ஒட்டி உட்காரவேண்டும். அதற்கு அவள் ஆலையில் இரும்புக்குப் பயன்படுத்தும் நீல மையைக் கொண்டுவந்தாள். ஒரு முகத்தில் மெல்லப் பூசி மற்றதோடு அழுத்தினால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த நீலத்தை மட்டும் உளியால் சுரண்டவேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டவேண்டும்.

“எக்கா, இது தச்சு வேலையா, பல் டாக்டர் வேலையா?” என்று மேஸ்திரி கேட்டார். ஆனால் நீலம் முகம் முழுவதும் ஒரே சீராக ஒட்டிய மாலையில், அந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டியவர் அவர்தான். இடைவெளியில் வெளிச்சம் வரவில்லை. டயர் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளே இரண்டு மரமுளைகள், இரண்டு பக்கமும் பசை, சுற்றிலும் சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டி ஒரு இரவு வைத்தார்கள். மறுநாள் செதுக்கல். புதிய மூக்கு துப்பாக்கிக் குழாயைத் தொடக்கூடாது. தொட்டால் குண்டு போகும் திசை மாறும். இரண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் நுழைந்து வெளிவர வேண்டும் என்பது அவள் வைத்த அளவு. உப்புத்தாள் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. சிவப்பு மரத்தின் தூள் குங்குமம்போலப் பறந்து, பக்கத்திலிருந்த வால்நட்டின் துளைகளுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு வால்நட் பக்கத்திலிருந்து சிவப்பை நோக்கி மட்டுமே தேய்த்தார்கள், திருப்பித் தேய்க்கவில்லை. கடைசியில் எண்ணெய் பூசியதும் அந்த மரம் உள்ளிருந்து விளக்கு ஏற்றியதுபோல ஆனது.

சிக்கல் அந்த நிறத்தால்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் சிவப்பு மரம் என்றால் ஒரே அர்த்தம். ஆந்திர மலைகளிலிருந்து வெட்டிக் கடத்தப்படும் செம்மரம் இந்தச் சாலைகள் வழியாகத்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போகப் பார்க்கும். நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவன். கட்டைகளை அடுக்கி, அதன் முன்னால் பிடிபட்டவர்களை உட்கார வைத்து எடுத்த படம் எத்தனை முறை என் மேசைக்கு வந்தது என்று நினைவில்லை. தலைப்பைக்கூட மாற்றவேண்டியதில்லை, ஊர்ப்பெயரை மாற்றினால் போதும்.

பட்டறையில் எண்ணெய் காய வைத்திருந்த துப்பாக்கியை முதலில் பார்த்தவர் டீ கொண்டுவந்தவர். “இன்னா மேஸ்திரி, செம்மரமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒரு லாரி ஓட்டுநர். அடுத்து கட்டில் வாங்க வந்த ஆரணிக்காரர். அவர் குரலைத் தாழ்த்தி, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். மேஸ்திரி அன்றிரவு தூங்கவில்லை.

இந்த வருட மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் துப்பாக்கியை வாங்கப் போனோம். மேஸ்திரி துணியை விலக்கினார். மூக்கு கருப்பாக இருந்தது. தகரக் கதவுக்கு அடிக்கிற பளபளப்பான கருப்புப் பெயிண்ட்.

என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுத்தது.

“யாரு அடிச்சது?”

“நான்தான்க்கா. ஆளாளுக்குக் கேக்கறான். ஒரே பேஜாரா பூட்ச்சு. எனக்குப் புள்ளைங்க கீது. கருப்பா கீறதுல இன்னாக்கா? பாக்க ராஜா மாதிரி கீது பாரு.”

இப்போது சுரண்டினால் செதுக்கிய வடிவம் கெடலாம். பிசுக்கு வால்நட்டில் ஏறலாம். போட்டி மறுநாள் காலை. “கனம் மாறலியே. சுடறது நான், பெயிண்ட் இல்ல” என்றாள். பெட்டியை மூடினாள். அவள் கோபமாக இருக்கும்போது பெட்டிகளை மிக மெதுவாக மூடுவாள்.

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிறு சர்ச்சில் பாடுவதை விட்டுவிட்டு, போட்டி நடக்கும் திருவள்ளூருக்குத் தன் லோடு வண்டியிலேயே கூட்டிப் போவதாகச் சொன்னார். ஸ்கூட்டரில் அந்த நீளப் பெட்டியோடு போவது கஷ்டம்தான், ஒப்புக்கொண்டோம். காலையில் வந்து பார்த்தால் வண்டியின் பின்னால் பெட்டி மரப் பலகைகளும் ஒரு கதவு நிலையும் ஏற்றியிருந்தார். திருவள்ளூரில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கவேண்டியதாம். போகிற வண்டி காலியாகப் போவானேன் என்றார். முன்னால் அவர்கள் இருவரும், துப்பாக்கிப் பெட்டியும். நான் பின்னால் பலகைகள் மேல்.

பெரியபாளையம் தாண்டி, ஊத்துக்கோட்டைச் சாலை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர், காக்கி உடுப்பில் வனத்துறை ஊழியர் ஒருவர். மரம் ஏற்றிய வண்டி என்பதால் நிறுத்தியது நியாயம்தான். வனத்துறைக்காரர் பலகைகளைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பைன் என்று தெரிந்ததும் முன்பக்கம் வந்தார்.

“பொட்டில இன்னா?”

என் மனைவி இறங்கி, போட்டி அனுமதித் தாளைக் காட்டி, பெட்டியைத் திறந்தாள். உலராத பெயிண்ட், பெட்டியின் உள்பட்டையில் உரசி ஓர் இடத்தில் உரிந்திருந்தது. கருப்புக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு.

வனத்துறைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இது இன்னா மரம்?”

“கருங்காலி சார்” என்றார் மேஸ்திரி, யாரும் அவரைக் கேட்காமலே.

“கருங்காலிக்கு எதுக்குய்யா கருப்புப் பெயிண்ட்டு?”

போலீஸ்காரர் வண்டிச் சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். செம்மரத்தைக் கடத்துகிறவர்கள் மேலே சாயம் பூசி மறைப்பது புதிதல்ல. நானே அப்படிச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். மறைக்க அடித்த பெயிண்ட்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

“சார், அவரு பயந்துக்கினு சொல்றாரு” என்றாள் என் மனைவி. “மிஷின் வந்த பொட்டியோட அடிக்கட்டை சார் அது. இன்னா மரம்னு எங்க யாருக்கும் தெரியாது. செவப்பா கீதுன்னு நாலு பேரு கேட்டதுல பெயிண்ட் அடிச்சிட்டாரு. நான் இன்னும் கொஞ்ச நேரத்துல திருவள்ளூர்ல நிக்கணும். லேட்டானா உள்ள உட மாட்டாங்க.”

“புரியுதும்மா. ஆனா சந்தேகத்த வச்சிக்கினு உட முடியாது. ஆபீசுக்கு அனுப்பிப் பாக்கணும்.”

“இங்கயே பாக்க வழி இல்லியா சார்?”

அவர் யோசித்தார். “செம்மரம் தண்ணியில முழுவிடும். துண்டு இருந்தா போட்டுப் பாக்கலாம். இது துப்பாக்கியோட சேந்து கீதே.”

அவள் துப்பாக்கியைத் திருப்பினாள். மூக்கின் அடிப்பக்கத்தில், கை படாத ஓரிடத்தில் நகத்தை வைத்தாள். “இங்க வெட்டிக்கோங்க.”

மேஸ்திரி வண்டியிலிருந்து உளியை எடுத்துவந்தார். அவள் அதை அவரிடமிருந்து வாங்கினாள். அத்தனை நாள் நீலம் தடவித் தடவி உட்கார வைத்த மரத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்தாள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு வனத்துறைக்காரர் உள்ளங்கையில் வைத்தாள்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வந்தது. டீக்கடைக்காரரும் கூடவே வந்தார். டம்ளரை வண்டியின் முன்புறத்தில் வைத்தார்கள். எல்லோரும் குனிந்தோம். சில்லு மேலே கிடந்தது. “காத்து புடிச்சிக்கினு இருக்கும்” என்று வனத்துறைக்காரர் பேனா மூடியால் அதை அடிவரை அழுத்திப் பிடித்தார். சிறு குமிழ்கள் வந்தன. மூடியை எடுத்தார். சில்லு மேலே வந்தது. மறுபடியும் அழுத்தினார், முதல் தடவையைவிட அதிக நேரம். மறுபடியும் வந்தது.

“மெதக்குது சார்” என்றார் போலீஸ்காரர்.

“எனக்குக் கண்ணு தெரியுதுய்யா.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னா மரம்னு எனக்கும் தெரியல. செம்மரம் இல்ல. அது போதும். போம்மா, நல்லா சுடு.” பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். “நீ இனிமே பெயிண்ட் டப்பாவத் தொடாத.”

கடைசி அழைப்பு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கருவிகளைச் சோதிக்கும் மேசையில் இருந்தவர் துப்பாக்கியை எடை போட்டார், முன்பக்க ஆழத்தை அளந்தார், அடியிலிருந்த பள்ளத்தில் விரல் வைத்து இது என்ன என்று கேட்டார். “வழியில செக்கிங்” என்றாள். அவர் மேலே கேட்கவில்லை.

நான் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போகவில்லை. உளி பிடித்த விறைப்பு கையில் இருந்திருக்கும். துப்பாக்கியை மேசையில் சாய்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அந்த நேரமும் கணக்கில் ஓடும். பக்கத்திலிருந்தவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எடுத்தாள். போன வருடம் இதே கூடத்தில் துப்பாக்கியின் முனை சின்ன வட்டம் போட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அது ஏறியது, இறங்கியது, நின்றது. நின்றபின் சுட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. கடைசிக் குண்டு வரை அது மாறவில்லை.

முதல் மூன்று இடங்களில் அவள் இல்லை. ஆனால் மாநிலப் போட்டிக்குப் போகிறவர்களை ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவள் பெயர் வந்தது. மேஸ்திரி வாசலில் நின்று கைதட்டினார். அங்கே வேறு யாரும் கைதட்டவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மைதான ஓரத்து நிழலில் உட்கார்ந்து, அவரிடமிருந்து மெல்லிய சுரண்டு தகட்டை வாங்கி, அவள் பெயிண்டை எடுக்கத் தொடங்கினாள். அதற்குள் நன்றாக உலர்ந்திருந்தது, சுருள்சுருளாக வந்தது.

“எக்கா, திரும்பிப் போறப்ப மறுபடியும் புடிப்பாங்க” என்றார் மேஸ்திரி.

“புடிக்கட்டும். செவப்புன்னா செவப்புதான்.”

“சரி, அந்தப் பள்ளத்தையாவது தூளும் பசையும் வச்சு அடைச்சித் தரேன். தெரியவே தெரியாது.”

“அது அப்படியே இருக்கட்டும் மேஸ்திரி. இனிமே எவன் கேட்டாலும் அங்கயே எடுத்துக்கட்டும். புதுசா எடம் தேட வேணாம்.”

மாநிலப் போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக் கூடத்தில் நின்று, குண்டில்லாமல், எதிர்ச் சுவரில் பென்சிலால் வைத்த ஒரு புள்ளியைக் குறிபார்க்கிறாள். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் நான் அவள் இறக்கும் வரை காத்திருக்கிறேன்.